அரிய ஆண்பெயருக்குப் பொருள் தேடுவது எப்படி? ‘எழினி’யை வைத்து ஒரு வழிகாட்டி

மகனுக்கு எழினி என்று பெயர் வைக்கலாமா என்று இணையத்தில் தேடினால், ‘அழகானவள்’ என்று பொருள் போட்டுப் பெண்பெயர்களோடு சேர்த்திருப்பார்கள். ‘எழில்’ காதில் ஒலித்ததால் வந்த பொருள் அது. அரிய பெயருக்கு ஒலியை நம்பாதீர்கள். அகராதி, பாட்டு, கல்வெட்டு என்ற வரிசையில் போங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936, ஆறு தொகுதிகள்) இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எழினிக்குத் திரைச்சீலை என்றும், ஒரு வள்ளலின் பெயர் என்றும் அதில் பார்க்கலாம். பொருளை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. அடைப்புக்குறிக்குள் சுருக்கமாக இருக்கும் நூற்பெயரும் எண்ணும்தான் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும்.

அடுத்து, பாட்டு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சங்கப் பாடல்களின் மின்னூலில் ‘எழினி’ என்று தட்டினால் ‘பொகுட்டெழினி’ என்ற பெயர் அகப்படாது; புணர்ச்சியில் முதல் எகரம் முந்தைய மெய்யோடு சேர்ந்து ‘டெ’ ஆகிவிடுகிறது. ‘ழினி’ என்று தேடுங்கள். உயிரெழுத்தில் தொடங்கும் எந்தப் பெயருக்கும் இப்படித்தான் தேட வேண்டும்.

கிடைத்த எல்லாரையும் ஒரே ஆளாக்கிவிடவும் கூடாது. புறநானூறு 158 ‘கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினி’யை வள்ளல்கள் எழுவரில் ஒருவனாக வைக்கிறது. ஔவையார் பாடிய பொகுட்டெழினி அதியமானின் மகன். 396ஆம் பாட்டின் வாட்டாற்று எழினியாதன் வேறு ஊர்க்காரன். ஆனால் எல்லாரும் ஆண்கள். யார் யார் என்று பிரித்தறிய, உ.வே.சா. புறநானூற்றுப் பதிப்பின் ‘பாடப்பட்டோர்’ குறிப்பைப் பாருங்கள். பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலோ எழும்பூர் கன்னிமாராவிலோ உட்கார்ந்து படிக்கலாம்.

எழினியைப் பொறுத்தவரை மிக அழகான சான்று கல்வெட்டில்தான் இருக்கிறது. போளூர் அருகே திருமலைச் சமணக் கோயிலில், அதிகைமான் (அதியமான்) எழினி வைத்த இயக்கன், இயக்கி எனும் சமணக் காவல் தெய்வங்களின் உருவங்களை அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்த செய்தி தமிழிலும் வடமொழியிலும் வெட்டப்பட்டுள்ளது. தமிழில் ‘எழினி’ என்று இருப்பவன் வடமொழிச் சுலோகத்தில் ‘யவனிகா’ ஆகிறான். யவனிகா என்றால் திரைச்சீலை. ஆக, அந்தச் சுலோகத்தை எழுதியவர் இந்தப் பெயரைத் திரை என்றே புரிந்துகொண்டார். சங்க காலத்தில் பெயர் வைத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் ‘அழகு’ என்பதற்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லை. வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் (1890) அச்சாகியுள்ளது.

தேடலுக்கு அவசரம் வேண்டாம். பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன், ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ‘இசட்-ஹெச்’ போடுவதா, ‘எல்’ போடுவதா என்று முடிவு செய்துவிடுங்கள். ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்து இருந்தாக வேண்டும்.