கிராசலேமா மலைச்சாலைகளில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் ஸ்பெயினின் அந்தாலூசியா மாநிலத்தில், காடிஸ், மாலகா ஆகிய இரு மாகாணங்களின் எல்லையில் கிராசலேமா மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதற்குக் கிழக்கே ரோந்தா நகரைச் சூழ்ந்த மலைநாடு தொடங்குகிறது. சாலை சைக்கிளில் ஊர் பார்க்க விரும்புவோருக்கு ஐரோப்பாவில் இதைவிட நிறைவான பகுதிகள் மிகச் சிலவே இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். சுண்ணாம்புப் பாறைச் சிகரங்கள், கார்க் ஓக் காடுகள், வானில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள், வெள்ளையடித்த மலையூர்கள் என ஒவ்வொரு வளைவும் ஒரு புதிய காட்சியைத் தருகிறது. ஆனால் மக்கள் குறைவாக வாழ்வதால்தான் இச்சாலைகள் அமைதியாக இருக்கின்றன. அதே காரணத்தால்தான் கடையும் தண்ணீரும் உதவியும் இங்கே அரிதாக இருக்கின்றன. இந்த இரண்டாவது பாதியை மறந்து வழியைத் திட்டமிடுவதே பெரும்பாலான தொல்லைகளுக்கு வேராக அமைகிறது.

முதல் தவறு, நாளின் பயணத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளப்பது. சமவெளியில் 100 கி.மீ. ஓட்டிப் பழகியவர் இங்கும் அதே கணக்கில் விடுதிக்கு முன்பதிவு செய்துவிட்டு, பிற்பகல் நான்கு மணிக்குப் பாதி வழியில் களைத்து நிற்பதைக் காணலாம். இங்கே பார்க்க வேண்டியது மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதையே. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை இப்பகுதி கிரனாடாவின் முஸ்லிம் அரசுக்கும் காஸ்தீலின் கிறிஸ்தவ அரசுக்கும் இடையிலான எல்லையாக இருந்தது. அதனால் ஊர்கள் பாதுகாப்புக் கருதிப் பாறை உச்சிகளில், கோட்டையின் நிழலில் அமைந்தன. 1481 டிசம்பரில் ஸாஹாரா தெ லா சியெர்ரா என்ற கோட்டையூரைக் கிரனாடாவின் படை கைப்பற்றியதே, 1492இல் அவ்வரசின் வீழ்ச்சியோடு முடிந்த நீண்ட போருக்குத் தூண்டுகோலாயிற்று. இந்த வரலாறு இன்று சைக்கிள் ஓட்டுபவரின் கால்களுக்குத் தெரிகிறது: ஓல்வேராவானாலும் ஸாஹாராவானாலும், ஒரு குவளைக் காப்பிக்காக ஊருக்குள் நுழைவதே தனியொரு ஏற்றம். சாலை வரைபடத்தின் மொத்தக் கணக்கில் இந்தச் சிறு ஏற்றங்கள் இடம்பெறாமல் போவதால், இடைநிறுத்தங்களையும் சேர்த்தே வழியை வரைய வேண்டும்.

ஏறும் திசையையும் நேரத்தையும் யோசிக்காமல் விடுவது இதோடு சேர்ந்த தவறு. ஸாஹாராவையும் கிராசலேமாவையும் இணைக்கும் சிஏ-9104 சாலை, ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரத்தில் பலோமாஸ் கணவாயைக் கடக்கிறது. வடக்கே ஸாஹாராவின் அடியிலுள்ள நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்து வருபவர் ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் 800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். தெற்கேயிருந்து வந்தால் ஏற்றம் அதில் பாதிகூட இல்லை. எளிய பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவே மனம் விரும்பும். ஆயினும் வடக்கிலிருந்து காலையில் ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன். அப்பக்கச் சரிவில் காலை நிழல் நெடுநேரம் தங்குகிறது. குறுகலான அச்சாலையின் கொண்டையூசி வளைவுகளை, வழி தெரியாத நிலையில் வேகமாக இறங்குவதைவிட மெதுவாக ஏறிக் கடப்பது பாதுகாப்பானது. குளிர்காலத்தில் அதே நிழல் ஈரத்தையும் உறைபனியையும் காக்கும் என்பதால், அப்பருவத்தில் வெயில் ஏறிய பிறகு புறப்படுவது நல்லது. உணவுக்காக 800 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் கிராசலேமா ஊருக்குள் இறங்குபவர், மேற்கே எல் போஸ்க்கே நோக்கிச் செல்ல 1,103 மீட்டர் உயரமுள்ள போயார் கணவாய்க்கு மீண்டும் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சாலையின் எண்ணைத் தவறாகப் படிப்பது மற்றொரு பொதுவான பிழை. ஸ்பெயினில் ‘ஏ’ என்ற எழுத்து நாட்டின் விரைவுச்சாலைகளையும் குறிக்கும். அந்தாலூசியாவில் சாதாரண மாநிலச் சாலைகளையும் குறிக்கும். நீலப் பலகையில் இருந்தால் அது விரைவுச்சாலை. செம்மஞ்சள், பச்சை அல்லது மஞ்சள் பலகையில் இருந்தால் மாநில, உள்ளூர்ச் சாலை. கிராசலேமா வழியாகச் செல்லும் ஏ-372 இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எழுத்தைக் கண்டு அஞ்சி அதைத் தவிர்ப்பவர்கள் ஓர் அருமையான வழியை இழக்கிறார்கள். மாறாக, கடற்கரையிலிருந்து ரோந்தாவுக்குச் செல்லும் ஏ-397 வரைபடத்தில் நேரான, அழகிய மலைச்சாலையாகத் தெரியும். ஆனால் அதில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விரைந்து செல்வதால் நிம்மதி இராது. ரோந்தாவிலிருந்து அத்தஹாத்தே, அல்காத்தோசின் வழியாகக் கௌசினுக்குச் செல்லும் ஏ-369 அதைவிட எவ்வளவோ மேலானது. வழிகாட்டிச் செயலியின் மிகக் குறுகிய வழியையும் அப்படியே நம்பலாகாது. அது ஒலிவத் தோப்புக்கு நடுவே தார் போடாத மண்பாதையில் கொண்டுபோய்விடக்கூடும். ஓல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கி.மீ. நீளும், ரயிலுக்காக அமைக்கப்பட்டும் ரயில் ஓடாமலே போன பாதைவழி சமமானது, 30 சுரங்கங்களைக் கடந்து செல்வது, மிக இனிமையானது. எனினும் அதன் தரை இறுகிய மண் என்பதால் மெல்லிய டயருக்கு ஏற்றதல்ல.

உணவிலும் நீரிலும் நேரும் தவறுகள் உடலை நேரடியாகத் தாக்குபவை. ஊர்க் கடைகள் பிற்பகல் இரண்டு மணியளவில் மூடினால் ஐந்து மணிக்குப் பிறகே திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. மதிய உணவு ஏறக்குறைய இரண்டு மணிக்கும், இரவு உணவு ஒன்பது மணியை ஒட்டியும் கிடைக்கும். மாலை ஆறு மணிக்குச் சூடான சாப்பாட்டை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். சிற்றுண்டிச்சாலைகளும் வாரத்தில் ஒருநாள் விடுமுறை எடுக்கின்றன. அந்த நாள் ஊருக்கு ஊர் மாறுவதால், அடுத்த ஊரில் சாப்பிடலாம் என்று தள்ளிப்போடுவது ஆபத்தான பழக்கம். காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊற்றுக் குழாய்களில், குடிக்கத்தக்கதல்ல என்றோ சுத்திகரிக்கப்படாதது என்றோ பலகை இருந்தால் அதை மதிக்க வேண்டும். வெயில் நாளில் இரண்டு பெரிய புட்டிகளும் நிரம்பியிருக்காமல் எந்தக் கணவாய்க்கும் ஏறத் தொடங்கலாகாது.

தென் ஸ்பெயின் என்றால் எப்போதும் வறண்ட வெயில்தான் என்று நினைத்து மழைச்சட்டை இல்லாமல் வருபவர்கள் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக் காற்று முதலில் மோதும் உயர்ந்த மலைகளுள் ஒன்றாக இருப்பதால், கிராசலேமாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஸ்பெயினிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. அம்மழையின் பெரும்பகுதி அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கொட்டுகிறது. கனமழைக்குப் பின் சாலையில் கற்கள் சரிந்து கிடக்கும். சில நேரம் சாலையே மூடப்படும். கோடையிலோ நிலைமை நேர்மாறு. 2021 ஆகஸ்ட் 14 அன்று கோர்தோபா மாகாணத்தின் லா ராம்ப்லாவில் வெப்பம் 47.6 டிகிரி செல்சியஸை எட்டியது. மலையில் அவ்வளவு இல்லையென்றாலும், ஜூலை, ஆகஸ்ட் மாதப் பிற்பகல்களில் ஏறுவது அறிவுடைமை ஆகாது. ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் செப்டம்பர் இறுதியும் ஏற்ற காலம். லெவாந்தே எனப்படும் கிழக்குக் காற்று நாள்கணக்கில் வீசும்போது, கணவாய்களில் சைக்கிள் பக்கவாட்டில் தள்ளப்படும் என்பதால், அத்தகைய நாள்களில் திட்டத்தை மாற்றத் தயங்க வேண்டாம்.

வண்டியைப் பொறுத்தவரை, சமவெளிக்குரிய கடினமான கியரோடு வருவதே பெரிய பிழை. முன்னே சிறிய பற்சக்கரத்தில் 34 பல், பின்னே பெரிய பற்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் முழங்கால் பிழைக்கும். டயர் 28 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். பிரேக் கட்டைகளைப் புறப்படும் முன் சோதிக்க வேண்டும். இறக்கத்தில் வளைவைத் தாண்டியவுடன் ஆட்டுமந்தை நிற்கலாம். கால்நடை கடக்காதிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருக்கலாம். மழையில் அவை வழுக்கும்.

ஸ்பெயினில் சைக்கிள் ஓட்டுபவர்களைச் சட்டம் நன்றாகவே காக்கிறது. முந்திச் செல்லும் கார் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். இருவர் இணையாக ஓட்டவும் அனுமதி உண்டு. முன்னே பார்வை மறையும் இடங்களில் மட்டும் ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். இந்த உரிமைகளை நினைவில் வைப்பவர்கள் கடமைகளை மறந்துவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் அணிய வேண்டும். ஓட்டும்போது காதில் ஒலிக்கருவி வைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. மது அளவுக்கான சட்ட வரம்பு சைக்கிளுக்கும் பொருந்துவதால், மதிய உணவோடு மலிவாகக் கிடைக்கும் ஒயினை மாலைக்கு ஒத்திவைப்பதே சரி.

எல்லா முன்னேற்பாடும் மீறிக் களைப்போ பழுதோ வந்தால், வந்த வழியைக் கைவிடத் தெரிந்திருக்க வேண்டும். இதைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது மிகப் பரவலான தவறு. அல்ஹெசிராஸிலிருந்து மலைகளினூடே வரும் ரயில் ஹிமேனா, கௌசின், பெனாவோஹான், ரோந்தா நிலையங்களைத் தொடுகிறது. ஆனால் கௌசின் நிலையம் அவ்வூருக்கு வெகு கீழே, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். நாளுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன, ஒவ்வொன்றிலும் சில சைக்கிள்களுக்கே இடம் உண்டு; ஆகவே புறப்படும் நேரங்களை முந்தைய இரவே குறித்துக்கொண்டு, பயணச்சீட்டு எடுக்கும்போதே சைக்கிளுக்கும் இடம் கேட்டுப் பெற வேண்டும்.