கூடி நிரல் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்) தொடங்குகிறவர்களுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. தடுக்கி விழுந்தால் பொறியியல் கல்லூரி. ஆனால் ஆர்வமாக வந்தவர்கள் மூன்றாம் வாரமே காணாமல் போகிறார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். பெரும்பாலும் திட்டத்தை நடத்துகிறவர்களே துரத்தியிருப்பார்கள்.

முதல் தவறு டீக்கடையில் நடக்கிறது. பீளமேட்டில் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை பேசி, டேட்டாபேஸை மாற்றிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். கோபியில் இருப்பவருக்கு அது தெரியாது. பழைய டேட்டாபேஸுக்கு ராத்திரி கண் விழித்து எழுதிய நிரலைத் திங்கட்கிழமை அனுப்புகிறார். “அதெல்லாம் மாத்தியாச்சுங்க” என்று பதில் வருகிறது. “சரிங்க” என்பார். அப்புறம் வரமாட்டார். கோபத்தையும் மரியாதையாகவே காட்டுகிற ஊர் இது, அதனால் அவர் போனது கூட யாருக்கும் உறைக்காது. நேரில் பேசுவது தப்பில்லை. பேசியதை அன்றைக்கே திட்டத்தின் இஷ்யூ பக்கத்தில் (எல்லோரும் பார்க்கிற விவாதப் பதிவு) காரணத்தோடு எழுதி, சில நாள் மற்றவர்கள் கருத்துக்கு விட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது. அடுத்த மாதம் சேருகிறவர் கண்ணில் அது படாது.

அடுத்தது, வந்த திருத்தத்தைக் கிடப்பில் போடுவது. பனியன் கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட் கூலி கணக்கிடும் மென்பொருள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சம்பளத்தில் பைசா இடிக்கிறது. ஒரு மாணவி காரணத்தைப் பிடித்துவிடுகிறார்: தொகையை ஃப்ளோட்டாக, அதாவது கணினி தோராயமாகச் சேமிக்கும் தசம எண்ணாக, வைத்திருக்கிறார்கள். பல கணினி மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் அப்படிக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். எல்லாவற்றையும் பைசாவில், முழு எண்ணாக வைக்கும்படி திருத்தி அனுப்புகிறார். ஒரு மாதம் சத்தமே இல்லை. பிறகு வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியைப் பற்றி, ‘இன்டென்டேஷன் சரியில்லை’ என்று ஒற்றை வரி.

இடைவெளி பார்க்கும் வேலையை ஃபார்மேட்டர் என்ற தானியங்கிக் கருவியே செய்துவிடும். மனிதர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏற்கெனவே ரூபாயில் பதிவான பழைய வாரக் கணக்குகள் இந்தத் திருத்தத்துக்குப் பிறகு என்னாகும்? அதைக் கேட்டிருந்தால் அவருக்கும் உற்சாகம் வந்திருக்கும். உடனே படிக்க நேரமில்லை என்றால், “பார்த்தேங்க, ஞாயித்துக்கிழமை முழுசாப் படிக்கிறேன்” என்று இரண்டே நாளில் ஒரு வரி போட்டாலும் ஆள் நிற்பார்.

நிரலை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தைத் தள்ளிப்போடுவதும் வழக்கம். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் போட்டதாலேயே நிரல் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. உரிமம் இல்லையென்றால் பதிப்புரிமை முழுக்க எழுதியவரிடமே இருக்கும். இருபது பேர் எழுதிய பிறகு ஜிபிஎல் உரிமமா (மாற்றிப் பகிர்கிறவரும் அதே உரிமத்தில் தர வேண்டும்), எம்ஐடி உரிமமா (அந்தக் கட்டாயம் இல்லை) என்று யோசித்தால், இருபது பேரிடமும் சம்மதம் வாங்க அலைய வேண்டும். சரவணம்பட்டி ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர் பங்களித்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கே சொந்தம். வேலை ஒப்பந்தத்தை முதலிலேயே படித்துவிடச் சொல்லுங்கள்.

எண்ணிக்கைக்குப் பரிசு வைப்பது ஆபத்து. ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020-இல் நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) ஒரு டி-ஷர்ட் என்றார்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிக் குப்பையைக் கொட்டினார்கள். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டி-ஷர்ட்டுக்கே இந்தப் பாடு, இன்டர்னல் மார்க் என்றால் கேட்கவா வேண்டும்!

எல்லாப் பாரத்தையும் ஒருவர் தலையில் ஏற்றுவதுதான் இருப்பதிலேயே மோசம். உலகமெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியைப் பல வருடம் ஒருவரே பராமரித்து வந்தார். அவர் சோர்ந்திருந்த நேரத்தில், ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று சில இணையக் கணக்குகள் நச்சரித்தன. உதவுவதுபோல் இன்னொருவர் சேர்ந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிப்போன ஒரு பொறியாளர் 2024 மார்ச்சில் தற்செயலாகக் கண்டுபிடித்தார். உங்கள் திட்டத்தில் மெர்ஜ் உரிமை (திருத்தங்களைத் திட்டத்தில் சேர்க்கும் அதிகாரம்), டொமைன் (இணைய முகவரி) கடவுச்சொல், வெளியீட்டுச் சாவி (புதிய பதிப்பை வெளியிடத் தேவையான ரகசியச் சாவி) மூன்றும் யாரிடம் இருக்கின்றன என்று இன்றைக்கே எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் மூன்று தடவை வந்தால், அடுத்த வெளியீட்டுக்கு முன் இன்னொருவரை உள்ளே கொண்டுவாருங்கள். கொஞ்ச நாள் அவர் வேலையைப் பார்த்துவிட்டு.