இறக்கத்தில்தான் அடி விழும்: மலையூரில் புதுப் பயிற்சிகளைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகில் எடை சுமந்து நடக்கும் ரக்கிங், மூன்று நிமிடம் வேகமும் மூன்று நிமிடம் நிதானமுமாக நடக்கும் ஜப்பானிய நடை, இதயத்துடிப்பு மிதமான ஓர் எல்லையைத் தாண்டாதபடி வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து ஓடும் ‘ஜோன் 2’, ஐஸ் குளியல். பயிற்சியாளர்களே ஆசையோடு செய்து பார்க்கும் சங்கதிகள் இவை. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் ஆண்டுதோறும் வெளியிடும் போக்குகள் பட்டியலில் 2025-ல் முதலிடம் பிடித்ததும் உடலில் அணியும் கருவிகள்தான். எல்லாமே நல்லவைதான். ஆனால் இவற்றுக்கான கிலோ, நிமிடம், இதயத்துடிப்புக் கணக்கு பெரும்பாலும் சமதரையில் நடப்பவரை மனதில் வைத்துப் போட்டது. உதகையிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ வாசற்படி தாண்டினால் ஒன்று மேடு, இல்லாவிட்டால் பள்ளம். கீழே சரியாக இருக்கும் அளவை அப்படியே மேலே கொண்டுவந்தால் மூட்டுதான் விலை கொடுக்கும்.

உயரத்தையே எல்லாவற்றுக்கும் குறை சொல்வதும் தவறு. உதகை இருக்கும் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இறங்கியவருக்கு முதல் சில நாள் துடிப்பு கூடும், தூக்கம் கெடும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவருக்கும் மேட்டில் மூச்சு வாங்குகிறதென்றால் காரணம் சரிவுதான். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடப்பதைவிட, நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்தில் ஏறுவதற்கு உடம்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாக ஆக்சிஜன் கேட்கும். குன்னூர், உதகைக் குறுக்குச் சந்துகள் பல இதைவிடச் செங்குத்தானவை.

ரக்கிங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். மலையில் அதிகம் தப்பாகச் செய்யப்படுவது இதுதான். தேயிலை மூட்டையையும் விறகுக் கட்டையும் சுமந்து மேடேறும் பெண்களிடம் இது புது ஃபேஷன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஓய்வில்லாத சுமை மூட்டுகளை என்ன பாடு படுத்தும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். வீடியோ பார்த்துவிட்டு முதல் நாளே பத்து, பன்னிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. உடல் எடையில் இருபதில் ஒரு பங்கில் தொடங்குங்கள்: 60 கிலோ இருப்பவருக்கு 3 கிலோ போதும். வாரம் இரண்டு நாள், முப்பது நிமிடம். எடை, தூரம், சரிவு மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் வலி எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

பையைக் கட்டும் விதமும் முக்கியம். பள்ளிக்கூடப் பையின் அடியில் இரண்டு டம்பெல்லைப் போட்டால் அது இடுப்புக்குக் கீழே தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஆடும். அதை ஈடுகட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள், கீழ் முதுகு பிடித்துக்கொள்ளும். எடை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். அடியில் ஒரு கம்பளியை மடித்து வைத்து, அதன் மேல் எடையை முதுகுப் பக்கமாக நிறுத்தி, முன்னால் இன்னொரு துணியை அடைத்தால் ஆட்டம் நின்றுவிடும். நெஞ்சுப் பட்டை, இடுப்புப் பட்டை இரண்டும் உள்ள பை நல்லது. கை மரத்துப்போனாலோ விரல் குத்தினாலோ தோள்பட்டி நரம்பை அழுத்துகிறது என்று பொருள். எடையை இறக்கிவிட வேண்டும்.

இன்னும் எளிய வழி, எடையாகத் தண்ணீரையே எடுத்துப் போவது. ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. முழுக்க நிரப்பினால் உள்ளே அலம்பாது. மூன்று பாட்டிலோடு மேட்டை ஏறுங்கள், உச்சியில் குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டு மிச்சத்தை ஊற்றிவிட்டு, காலிப் பையோடு இறங்குங்கள். (ஏப்ரல், மே தண்ணீர்த் தட்டுப்பாட்டில் ஊற்றும்போது ஒரு செடியின் வேரிலாவது ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டார் விடமாட்டார்கள்.) ஏற்றத்தில் கிடைக்கும் பலன் அத்தனையும் கிடைக்கும், இறக்கத்தின் அடி குறையும்.

ஏன் இறக்கத்துக்கு இவ்வளவு பயம்? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். நீளும் நிலையில் பளு தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. ஆனால் இறக்கத்தில் மூச்சு வாங்காது, வாட்ச்சிலும் துடிப்பு குறைவாகவே காட்டும். ‘இன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை’ என்று நினைத்து இன்னொரு சுற்று போவார்கள். வலி ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, மூன்றாம் நாள் வரை உச்சத்தில் நிற்கும். மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடும் நிலை.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. கொஞ்சமாக ஒருமுறை இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு நோகாது. ஆகவே நெடுந்தூர இறக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் தொடங்கலாம். சுமார் 15 செ.மீ. உயரமுள்ள படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று வினாடி எடுத்து இறக்குங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல் காலின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். காலுக்கு எட்டு முறை, இரண்டு சுற்று, வாரம் இரண்டு நாள்.

சாலையில் இறங்கும்போது பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றி நடப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பயத்தில் வருவது அது. முட்டி நீட்டிக்கொண்டு பூட்டப்படும், அதிர்ச்சி நேராக மூட்டுக்கும் இடுப்புக்கும் போகும். ஈரப் பாசி படிந்த கல்லில் சறுக்குவதும் இப்படித்தான். அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, முட்டியைச் சற்று மடித்து, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி நடங்கள். செங்குத்தான இடத்தில் சாலையின் அகலம் இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக இறங்கலாம். ஊன்றுகோல் வைத்திருந்தால் இறக்கத்துக்கு ஐந்து செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். ஷூவில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், மேல் துளை வரை கயிறு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும்.

பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கட்டஞ்சாயா (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால் வீட்டில் இருந்து பார்க்காதீர்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு சமாளிப்பது சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல்.

ஜப்பானிய நடைக்கு வருவோம். மட்சுமோட்டோவில் உள்ள ஷின்ஷூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது இது. நடுவயதினரையும் முதியவர்களையும் ஐந்து மாதம் நடக்கவைத்துப் பார்த்த அவர்களின் ஆய்வு 2007-ல் வெளியானது: ஒரே சீராக மிதமாக நடந்தவர்களைவிட, மாற்றி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடை வலுவும் தாங்குதிறனும் கூடின, ரத்த அழுத்தம் இறங்கியது. மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுநடை, ஐந்து சுற்று, வாரம் நான்கு நாள். அவ்வளவுதான்.

மலையில் என்ன தப்பு நடக்கிறது என்றால், கடிகாரம் ‘மெதுவாக’ என்று சொல்லும் நேரத்தில் சாலை மேடாகிவிடுகிறது. மெதுநடையிலும் மூச்சு இரைக்கிறது, வேகநடை இறக்கத்தில் விழுந்து ஒன்றுமில்லாமல் போகிறது. அரை மணி முடியும்போது அது இடைவெளிப் பயிற்சியே இல்லை. கொடைக்கானல்காரர்களுக்குக் கவலை இல்லை: ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத சாலை. குதிரையும் வாடகை சைக்கிளும் பெருகுவதற்கு முன் காலையில் முடித்துவிடலாம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அந்த வசதி குறைவு. அங்கே சரிவையே கடிகாரமாக்கிக்கொள்வது மேல். வண்டி அதிகம் வராத, ஒரே அளவாகச் சாய்ந்த ஒரு துண்டுச் சாலையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நிமிடம் விறுவிறுவென்று ஏறுங்கள், நின்ற இடத்தில் திரும்பி நிதானமாகக் கீழே வாருங்கள். முதல் வாரம் மூன்று சுற்று போதும், ஏனென்றால் இறக்கமும் கூடவே வருகிறது.

‘ஜோன் 2’ என்பது முழு வாக்கியம் பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற நிலையில் நெடுநேரம் இருப்பது. மேட்டில் மெல்ல ஓடினாலும் பலர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். ஓடத்தான் வேண்டும் என்ற வீம்பை விட்டு மேட்டில் நடங்கள். 220-இல் இருந்து வயதைக் கழிக்கும் கணக்கை நம்பி எல்லையை வகுக்காதீர்கள். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு எளிதாக மாறும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது. மருந்தே துடிப்பைக் கட்டிப்போட்டிருக்கும். அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் வழி.

வாட்ச்சும் குளிரில் பொய் சொல்லும். தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டம் கூடிக் குறைவதைப் பார்த்துத்தான் அது துடிப்பை எண்ணுகிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் மணிக்கட்டில் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிட, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் உங்கள் காலடி அதிர்வையே துடிப்பென்று எண்ணத் தொடங்கும். நிதானமாக ஓடும்போதே 165, 170 என்று காட்டினால் நின்று, கழுத்தில் விரல் வைத்துப் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்களோ அதே எண்ணை வாட்ச் காட்டினால் சந்தேகமே வேண்டாம். மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கமாக, ஸ்வெட்டர் கைக்கு உள்ளே கட்டினால் ஓரளவு சரியாகும். துல்லியம் வேண்டுமென்றால் நெஞ்சுப்பட்டைதான். கீழிருந்து வந்தவர்கள் முதல் மூன்று நான்கு இரவுகளில் ‘உடல் தேறவில்லை’ என்ற சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். உயரத்துக்கு உடம்பு பழகுவதை அது நோயைப் போலவே எண்ணிக்கொள்ளும்.

ஐஸ் குளியல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பார்வையில் அதற்கு இருக்கும் மவுசு அதன் பலனைவிடப் பெரியது. எடைப் பயிற்சி முடித்தவுடனே குளிர்நீரில் அமர்ந்தால் தசை வளர்ச்சி குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உதகையில் தை மாதக் குழாய்த் தண்ணீருக்கு ஐஸே தேவையில்லை. ஓடையில் தனியாக இறங்குவது மட்டும் கூடவே கூடாது. குளிர்நீர் பட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, அந்த நேரத்தில் தலை மூழ்கினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். இதய நோயாளிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

குளிரில் வார்ம்-அப்பைச் சுருக்குவது இன்னொரு பழக்கம். கீழே ஐந்து நிமிடம் போதும் என்றால் இங்கே பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வேண்டும். வறண்ட குளிர்காற்றை வாய்வழியாக வேகமாக இழுத்தால் ஆஸ்துமா இல்லாதவருக்கும் மூச்சுக்குழல் இறுகி இருமல் வரும். மப்ளரை வாய்க்கு மேல் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் காற்று கொஞ்சம் சூடாகி உள்ளே போகும். தாகம் எடுக்காததால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, மேகம் இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனைத் தவிர்ப்பது இரண்டும் இங்கே செல்லாது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் புற ஊதாக்கதிர் கூடுகிறது.

குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அறைக்குள் கரியடுப்பை மூட்டிவைத்து யோகாவோ ஸ்குவாட்டோ செய்கிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. கரித்தணலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. பயிற்சியில் மூச்சு பல மடங்கு கூடுவதால் சும்மா இருப்பவரைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். தலைவலியும் மயக்கமும் ‘உயரத்தால்’ என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். கரியடுப்பை வெளியே வைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

மலைப்பாதை ஓட்டத்துக்குக் காப்புக்காட்டை யாரும் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலியான காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு இதில் விளையாட்டே கிடையாது. லாங்வுட் சோலை, கெய்ர்ன் ஹில் போன்ற இடங்களுக்கு வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் முறையாகப் பதிந்து வழிகாட்டியோடு போகலாம். எஸ்டேட் சாலை என்றாலும் விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் ஓடாதீர்கள், இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டாதீர்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம் போங்கள். கொண்டை ஊசி வளைவில் உள்மூலையில் ஓட்டுநருக்கு ஆள் தெரியாது என்பதால், வளைவு வருவதற்கு முன்பே வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டுமாடு நின்றால் கைதட்டுவதும் போட்டோ எடுக்க நெருங்குவதும் வேண்டாம். ஐம்பது மீட்டர் தள்ளியே நின்று, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துவிட்டு, ஓடாமல் வந்த வழியே திரும்பி நடங்கள். அன்றைய சுற்று பாதியிலேயே முடிந்தால் முடியட்டும்.