சங்கம் ஆரம்பிப்பது சுலபம், அப்புறம்?

பிரிக்பீல்ட்ஸில் ஏதாவதோர் உணவகத்தின் மாடியில் பத்துப் பேர் கூடினால் போதும். தே தாரேக் ஆறுவதற்குள் தலைவர், துணைத் தலைவர், ஆலோசகர் என்று எல்லாப் பதவிக்கும் ஆள் கிடைத்துவிடும். பொருளாளருக்கு மட்டும் கிடைக்காது. கடைசியில், அன்றைக்கு வராத ஒருவரின் பெயரை எழுதிக்கொள்வார்கள். கோலாலம்பூரில் நம் சங்கங்கள் பலவற்றின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, சங்கம் அமைக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவு இல்லாமல் சங்கமாக இயங்கினால் அது சட்டவிரோதச் சங்கம். ஆகவே, சங்கப் பதிவிலாகாவின் அனுமதி வருமுன்பே சந்தா வசூலிப்பதும் ரசீது புத்தகம் அடிப்பதும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள சங்கத்தின் பெயரோடு குழப்பும் பெயர் நிராகரிக்கப்படலாம் என்பதால், பேனரையும் கொஞ்சம் பொறுத்தே அடியுங்கள்.

அடுத்தது அமைப்பு விதிகள். தெரிந்த சங்கத்தின் விதிகளை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது நம் பழக்கம். அதில் 'குறைந்தபட்ச வருகை' என்ற பகுதியை யாரும் படிப்பதில்லை. ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் பாதிப் பேர், அல்லது செயலவையினரின் (நிர்வாகக் குழுவினரின்) எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு, இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். உங்களிடம் 80 உறுப்பினர்கள் என்று வையுங்கள். எல்லாரையும் திருப்திப்படுத்தச் செயலவையில் 15 பேரைப் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் கூட்டம் நடக்க 30 பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூலில் முப்பது பேரைக் கூட்டிப் பாருங்கள், தெரியும்! ஒத்திவைத்து மறுபடி கூட்டினால் வந்தவர்களை வைத்து நடத்தலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் விதிகளைத் திருத்த முடியாது என்றும் அதே விதிகளில் இருக்கும். செயலவையில் ஒன்பது பேர் என்றால் 18 பேர் வந்தாலே போதும். பதவி கொடுத்துத்தான் ஒருவரைத் தக்கவைக்க வேண்டுமென்றால், அவர் சாதாரண உறுப்பினராகவே இருக்கட்டும்.

பணம்தான் பெரிய விஷயம். "இப்போதைக்கு என் கணக்கில் போடுங்கள்" என்று செயலாளர் பணம் அனுப்புவதற்கான தன் சொந்த டூயிட்நவ் கியூஆர் குறியீட்டைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் மாதக் கடைசியில் அவர் வீட்டுக் கார் தவணையும் சங்கத்துக்கு வந்த 50 ரிங்கிட்டும் ஒரே அறிக்கையில் நிற்கும். எது யாருடையது என்று அவருக்கே சொல்லத் தெரியாது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கும்வரை நன்கொடை வாங்காமல் இருப்பதே நல்லது. காசோலையில் ஒருவர் கையெழுத்து மட்டும் போதும் என்றும் வைத்துவிடாதீர்கள். உண்டியலோடு தெருவிலோ வீடு வீடாகவோ போவதற்கும் காவல்துறையின் உரிமம் வேண்டும். அதற்கென்றே 1947இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கோயில் திருவிழாதானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இப்போது எல்லாம் பதிவிலாகாவின் ஈரோசஸ் (eROSES) இணையத்தளத்தில்தான். கோபித்துக்கொண்டு போன பழைய செயலாளரிடமே கடவுச்சொல் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். பொறுப்பு மாறும் அன்றே கோப்பு, முத்திரை, கடவுச்சொல் மூன்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். இரு அணியாகப் பிரிந்து சண்டை போட்டால் பதிவாளர் தலையிடலாம். தகராறு தீரவில்லை என்றால் பதிவையே ரத்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

இன்னொன்று, வரிவிலக்கு. சங்கம் பதிவானதுமே நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், கிடைக்காது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். அது கைக்கு வரும்வரை உங்கள் ரசீதில் 'வரிவிலக்கு' என்ற சொல்லே இருக்கக் கூடாது.