கூச்சம் போக ஒரு புலி வேஷம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஆட்களே, நாலாம் ஓணத்துக்குத் திருச்சூர் போய்ப் புலி வேஷ ஆட்டமான புலிக்களி பார்த்திருக்கிறீர்களா? வயிற்றிலேயே புலி முகம் வரைந்து, செண்டை மேள அடிக்கு அதைக் குலுக்கி ஆடுகிறவர்களிடம் கூச்சம் என்பதே இருக்காது, மற்ற நேரத்தில் மறைத்து வைக்கிற தொப்பைதான் அங்கே அழகு! கூச்சமில்லாமல் ஆட அந்தத் தைரியம் நமக்கும் வேண்டும், அதற்குச் சாயம் பூச வேண்டியதில்லை.

கதவைச் சாத்திவிட்டு ஒரு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள், துண்டு கட்டினால் நீங்கள் வேறு ஆள், புலியோ மயிலோ, அந்த ஆளுக்கு ஒரு பேரும் வையுங்கள். செண்டையோ தப்பு மேளமோ, வெறும் தாளம் மட்டும் போட்டு, முதலில் நடை மட்டும் பழகுங்கள்: முழங்கால் லேசாக மடங்கி, பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். நடை பிடிபட்டால் கையும் தோளும் தானாகச் சேர்ந்துகொள்ளும், அவசரப்பட்டு ஸ்டெப் தேடாதீர்கள். கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்ததும் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார்.

முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து தோளையும் கையையும் மட்டும் ஆட்டினாலே போதும். அப்புறம், சட்டென்று நிறுத்தாமல் மெதுவாக நடந்து, மூச்சு சீரானதும் துண்டை அவிழுங்கள்.