மழைக்கு ஹெவி, காத்துக்கு ஸ்ட்ராங்: 'ஹெவி'ய எங்கன போடணும்?

பாளையங்கோட்டைல சாயங்காலம் நாலஞ்சு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கேன். 2023 டிசம்பர் வெள்ளத்தப் பத்தி அஞ்சு வரி எழுதச் சொன்னப்ப, ஒரு பிள்ளை 'ஸ்ட்ராங் ரெயின், ஹெவி விண்ட்'னு எழுதிருந்துச்சு. அர்த்தம் புரியுது, ஆனா ஜோடி மாறிப்போச்சு.

முதல்ல வாயில வரட்டும். ஹீவி இல்ல, ஹெவி, பிரெட், ஹெட் மாதிரி.

அடுத்து எடை. நிறைஞ்ச கேஸ் சிலிண்டர தூக்கிப் பாருங்க, உள்ள கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போட சேத்தா அதுக்கு ரெண்டு மடங்கு வரும். 'திஸ் சிலிண்டர் இஸ் ஹெவி.' காலி சிலிண்டரோட ஒப்பிட்டா ஹெவியர், 'மோர் ஹெவி' வேண்டாம், எழுதுறப்ப கடைசி ஒய் ஐ ஆயிரும்.

இனிதான் முக்கியமான இடம். எடையே இல்லாததுக்கும் ஹெவி வரும், அளவு மிஞ்சிப்போச்சுன்னு அர்த்தம். ரேடியோ செய்தில 'பலத்த காற்றுடன் கனமழை'ன்னு வாசிக்காங்கல்லா, அத அப்படியே பிடிச்சுக்கோங்க. கனம்னா ஹெவி, பலம்னா ஸ்ட்ராங், நம்ம தமிழே ஜோடி சேத்து வச்சிருக்கு. வானிலை ஆபீஸ் கணக்குல ஒருநாள்ல 64.5 மில்லிமீட்டர் தாண்டுனாதான் ஹெவி ரெயின், 204.4 தாண்டுனா எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. அந்த டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, இங்க தாமிரபரணி கரை மீறி வந்துச்சு, அதுக்கு எந்த வார்த்தையும் பத்தாது.

வண்ணாரப்பேட்டைல வண்டி நகரலன்னா ஹெவி டிராஃபிக். ஆனித் தேரோட்டத்துக்கு வாற கூட்டத்த 'ஹெவி கிரவுட்'னு நாம பேசுதோம், எழுதுறப்ப 'ஹியூஜ் கிரவுட்'னு போடுங்க, அதான் இயல்பா இருக்கும்.

சாப்பாட்டுக்கும் உண்டு. மறுவீட்டுல தேங்காப்பால் சொதி ரெண்டு தடவ ஊத்தி சாப்பிட்டா அது ஹெவி மீல், அதுக்குத்தான எங்க ஆச்சி இலையில இஞ்சிப் பச்சடி வைக்காம விடமாட்டா. டீக்கு மட்டும் ஸ்ட்ராங்தான்.

ஆளப் பத்தி சொல்லுறப்ப கவனம். ஹெவி ஸ்லீப்பர்னா குண்டான ஆளு இல்ல, இடி விழுந்தாலும் எந்திரிக்காத ஆளு. 'வித் எ ஹெவி ஹார்ட்'னா கனத்த மனசோட, இதுலயும் ரெண்டு பாஷையும் ஒண்ணுதான்.

எதிர்ப்பதம் ரொம்ப சுலபம். ரெயின், டிராஃபிக், மீல், ஸ்லீப்பர் எல்லாத்துக்கும் லைட்தான். ஸ்ட்ராங் டீக்கு வீக் டீ.