உள்ளே இருக்கும் வளையத்தைக் கேட்டு வாங்குங்கள்

தீபாவளிக்குத் திருப்பூரே பத்து நாள் மூடிக் கிடக்கும். அப்படி ஒரு விடுமுறையில் சாயப்பட்டறைக் காவலுக்கு இருந்த பெரியவர் ராத்திரி போன் செய்தார். "ஏனுங்க, ஹைப்போ டேங்குப் பக்கம் டமார்னு சத்தம் கேட்டுதுங்க. போய்ப் பார்த்தா தரையெல்லாம் ஹைப்போ." ஹைப்போ என்பது சோடியம் ஹைப்போகுளோரைட், வெளுக்கப் பயன்படும் திரவம். எவனோ பட்டாசு போட்டிருப்பான், அதில் ஏதோ உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால், டேங்குக்கும், அதிலிருந்து அளவாக எடுத்து விடும் டோசிங் பம்புக்கும் நடுவில் இருந்த ஒரு இஞ்ச் பிளாஸ்டிக் பால் வால்வு நெடுக்காகப் பிளந்து கிடந்தது. பம்ப் ஓடவில்லை. டேங்கில் இருந்தது ஓர் ஆள் உயர ஹைப்போதான். வால்வின் மேல் 16 கிலோ என்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோ பிரஷர் தாங்கும் என்று, அச்சு இருந்தது.

அந்த வால்வை வாங்கிப் போட்டவன் நான்தான். நல்ல கம்பெனி வால்வு, விலை கூடுதல்தான். தப்பு வால்விடம் இல்லை, நான் கேட்டு வாங்கிய விதத்தில் இருந்தது.

பால் வால்வுக்குள் குறுக்கே துளையிட்ட உருண்டை ஒன்று இருக்கிறது. கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் அந்தத் துளை லைனுக்குக் குறுக்கே திரும்பி அடைத்துவிடும். ஆனால் துளைக்குள் இருந்த திரவம் எங்கே போகும்? இரண்டு பக்கமும் உருண்டை அழுந்தி உட்காரும் டெஃப்லான் சீட் இறுக்கிப் பிடித்திருக்க, உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். தண்ணீர் என்றால் பாதகமில்லை. ஹைப்போவோ சும்மா இருக்கும்போதே மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விடும் சரக்கு. வெயில் பட்டால் அந்த வேகம் கூடும். பத்து நாள் மூடிய வால்வுக்குள் வாயு சேர்ந்துகொண்டே போயிருக்கிறது, வெளியேற வழியில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் இதே கதைதான்.

இதற்கென்றே உருண்டையின் ஒரு பக்கத்தில் சின்ன ஓட்டை போட்ட வால்வு கிடைக்கிறது. வென்டட் பால் வால்வு என்று கேட்டால் தருவார்கள். மூடியிருக்கும்போது அந்த ஓட்டை டேங்குப் பக்கம் பார்த்திருக்கும். உள்ளே சேரும் வாயு அது வழியாக டேங்குக்கே திரும்பிப் போய்விடும். வால்வின் மேல் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். திருப்பிப் போட்டால் ஓட்டை பம்ப் பக்கம் போய்விடும், வால்வு மூடியும் மூடாத மாதிரிதான். இன்னொன்று: ஹைப்போ லைனில் இரண்டு வால்வையும் மூடிவிட்டு நடுவில் உள்ள பைப்பில் சரக்கை நிறுத்தி வைக்காதீர்கள். அதுவும் வெடிகுண்டுதான், கொஞ்சம் நீளமான வெடிகுண்டு.

சரி, கடைக்குப் போவோம். கடைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: "என்ன சைஸ்ங்க?" நீங்களாகவே சொல்ல வேண்டியது மூன்று. உள்ளே என்ன ஓடுகிறது, எத்தனை சூட்டில் ஓடுகிறது, வால்வைக் கழற்ற வேண்டி வருமா. பிரஷரை நான்காவதாகத்தான் வைப்பேன். பத்து மீட்டர் உயரத் தொட்டி தருவது ஏறக்குறைய ஒரு கிலோதான். மூன்று மாடி வீட்டுக்கு 16 கிலோ வால்வு தேடி அலைவதைவிட அந்தக் காசில் யூனியன் (கழற்றிப் பூட்டும் நட்டு) வைத்த வால்வு வாங்கலாம்.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். யூ.பி.வி.சி. (விறைப்பான பி.வி.சி. பிளாஸ்டிக்) பைப்பிலும் வால்விலும் போட்டிருக்கும் பிரஷர் அளவு 20 முதல் 27 டிகிரித் தண்ணீருக்கானது. 43 டிகிரி வந்தாலே தாங்கும் சக்தி பாதியாகிவிடும். 60 டிகிரிதான் எல்லை, அங்கே கால்வாசிகூட மிஞ்சாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் பைப்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு 43 என்பது தூரத்து எண் இல்லை. சாய மெஷினிலிருந்து ஹாட் வாஷ் தண்ணீர் 80 டிகிரியில் இறங்கும். அதற்கு யூ.பி.வி.சி. வடிகால் போட்ட ஒரு பட்டறையில் ஆறே மாதத்தில் பைப் கொடிக்கயிறு மாதிரி தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். சூடு கூடுதலாகத் தாங்கும் ரகமான சி.பி.வி.சி. என்றால் 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரை போகலாம், ஆனால் அங்கேயும் பிரஷர் வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்டீமோ, அது குளிர்ந்து வரும் கன்டென்சேட் தண்ணீரோ என்றால் பிளாஸ்டிக் பேச்சே வேண்டாம், இரும்புக்குப் போய்விடுங்கள்.

கெமிக்கலுக்கு வருவோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிலை வந்த பிறகு, ஆர்.ஓ. பிளான்ட்டும் சுத்திகரிப்பு நிலையமுமாக ஊர் முழுக்க பிளாஸ்டிக் லைன் பெருகிவிட்டது. ஆசிட், காஸ்டிக் சோடா, ஹைப்போ, உப்புத் தண்ணீர் என்று எல்லாம் பக்கத்துப் பக்கத்து பைப்பில் ஓடும். என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவன் ஒரு நாள் கேட்டான்: "ஏனுங்ணா, எல்லாத்துக்கும் ஒரே வால்வு போட்டா ஸ்பேர் வைக்கிறது சுலபமுங்களே?" பார்த்தால் நியாயமான கேள்விதான். வால்வின் உடம்பை மட்டும் பார்த்தால் அவன் சொல்வது பாதி சரி. ஹைட்ரோகுளோரிக் ஆசிட், காஸ்டிக் கரைசல், ஹைப்போ மூன்றையும் சாதாரண சூட்டில் யூ.பி.வி.சி. தாங்கும். தாங்காதது உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம்.

அந்த வளையத்தை ஓ-ரிங் என்பார்கள், அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஈ.பி.டி.எம்., இன்னொன்று எஃப்.கே.எம். கடையில் வைட்டான் என்றால்தான் தெரியும். ஈ.பி.டி.எம். தண்ணீருக்கும் காஸ்டிக்குக்கும் நல்லது, எண்ணெய் பட்டால் ஊதிவிடும். வைட்டான் ஆசிட்டுக்கும் எண்ணெய்க்கும் நல்லது, ஹைப்போவுக்கும் நான் அதைத்தான் போடுகிறேன். ஆனால் காஸ்டிக்கில், அதுவும் சூடான காஸ்டிக்கில், வைட்டான் இறுகி விரிசல் விட்டுப் போகும். விலை அதிகம் என்பதால் வைட்டான்தான் எல்லாவற்றுக்கும் உசத்தி என்று நினைப்பவர்கள் நிறைய. காஸ்டிக் லைனில் வைட்டான் போட்டு, கைப்பிடித் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்த வால்வை நான் கழற்றியிருக்கிறேன். வளையத்தை எடுத்து மடித்தபோது காய்ந்த வெற்றிலைக் காம்பு மாதிரி ஒடிந்தது. உடம்பு புதிதாகவே இருந்தது.

அசிட்டிக் ஆசிட் தனி ரகம். பி.எச். சரி பண்ண சாயத்தில் ஊற்றும் அதே ஆசிட்தான். கலக்காத அசிட்டிக் ஆசிட் பி.வி.சி.யையும் கெடுக்கும், வைட்டானையும் கெடுக்கும். அங்கே பி.பி. (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) வால்வும் ஈ.பி.டி.எம். வளையமும் போடுவேன். ஒன்று நினைவிருக்கட்டும், பி.பி.யை பி.வி.சி. மாதிரி சொல்யூஷன் என்ற பசை தடவி ஒட்ட முடியாது. சூடு வைத்து இணைக்க வேண்டும், இல்லையென்றால் திருகோ, போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சோதான். 98 சதவீத சல்ப்யூரிக் ஆசிட்டை யூ.பி.வி.சி. பக்கமே கொண்டு போகாதீர்கள். இதில் சந்தேகம் வந்தால் வால்வு கம்பெனியின் கெமிக்கல் சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கெமிக்கல் பெயர் மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி என்று வரிசை வரிசையாக இருக்கும். அதில் உடம்புக்கு ஒரு கட்டம், வளையத்துக்கு ஒரு கட்டம் தனித்தனியாகப் பாருங்கள்.

இப்போதுதான் சைஸ். இங்கேதான் தோட்டக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விவசாயத்துக்கு வாங்கும் பைப் ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தரக் கணக்கில் மில்லிமீட்டரில் வரும். பேச்சு வழக்கில் "ரெண்டு இஞ்ச்" என்பது அங்கே 63 மில்லி வெளிவிட்டம். வீட்டு பிளம்பிங்குக்கும் கம்பெனிக்கும் வரும் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 (சுவர் கனத்தைச் சொல்லும் எண்) பைப்பில் ரெண்டு இஞ்ச் என்றால் 60.3 மில்லி. இரண்டரை மில்லிக்கு மேல் வித்தியாசம். 63-க்கான வால்வில் 60.3 பைப்பைச் செருகி, ஆடுகிற இடத்தைச் சொல்யூஷன் ஊற்றி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு நிற்கும். பம்ப் நாலு தடவை ஆன் ஆஃப் ஆனதும் கழன்று வரும். பைப் துண்டு ஒன்றை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பசை போடாமல் செருகிப் பார்க்கும்போது சாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போய் இறுகிப் பிடிக்க வேண்டும். லொடலொடவென்று அடி வரை போனாலும் தப்பு, வாயிலேயே நின்றாலும் தப்பு.

யூனியன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பம்ப், ஃபில்டர், ஆர்.ஓ., கெமிக்கல் டேங்க் எதன் பக்கத்தில் வந்தாலும் இரண்டு பக்கமும் யூனியன் நட்டு உள்ள வால்வுதான். நட்டைக் கழற்றினால் வால்வு தனியாகக் கையில் வந்துவிடும், பைப்பை வெட்ட வேண்டாம். ஒட்டு வால்வு மலிவு, ஆனால் கசிந்தால் ஹேக்ஸா பிளேடு, இரண்டு கப்ளிங், அரை நாள் கூலி. தோட்டத்துக் குழாய்க்கு ஒட்டு வால்வே போதும். நல்ல யூனியன் வால்வு ஒன்றைக் கையில் எடுத்தால் கைப்பிடியை மேலே இழுத்துப் பாருங்கள். பல மாடல்களில் அது கழன்று வரும், அடியில் இரண்டு பல் இருக்கும். வால்வின் வாயைப் பார்த்தால் சீட்டைப் பிடித்திருக்கும் வளையத்தில் அந்தப் பல்லுக்கேற்ற இரண்டு வெட்டு தெரியும். சீட் தேய்ந்து ஒழுகினால் அந்தக் கைப்பிடியாலேயே கால் சுற்று இறுக்கிக்கொள்ளலாம். வாங்கின முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது, வால்வையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கழற்றும் முன் லைனில் பிரஷர் இல்லை என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள்.

பால் வால்வு திறக்கவும் மூடவும்தான். பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால் சீட்டின் ஒரு பக்கம் மட்டும் அரித்துப் போய், பிறகு முழுதாக மூடினாலும் ஒழுகும். அளவு வைத்து விட வேண்டும் என்றால், வளையும் சவ்வு அழுந்தி மூடும் டயஃப்ரம் வால்வு வாங்குங்கள். மூடும்போதும் பொறுமை வேண்டும். கால் சுற்றுதான் என்பதால் கை தானாக வெடுக்கென்று திருப்பும். பி.வி.சி. லைனில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், இருக்கும் பிரஷரோடு இன்னும் மூன்று நான்கு கிலோ ஒரு கணம் ஏறும். சுவருக்குள் பைப் "டொக்" என்று அடிப்பது அதுதான்.

பொருத்தும்போது சொல்யூஷனைப் பைப்பின் மேல் தாராளமாகவும் வால்வின் சாக்கெட்டுக்குள் மெல்லிசாகவும் தடவுங்கள். சாக்கெட்டுக்குள் கொட்டியது வழிந்து உருண்டையில் ஒட்டினால் வால்வு அன்றோடு சரி. யூனியன் வால்வு என்றால் முனைகளைத் தனியே கழற்றி ஒட்டுங்கள், காய்ந்த பிறகு வால்வை நடுவில் வையுங்கள். சி.பி.வி.சி.க்கு அதற்கான சொல்யூஷன் வேறு. பிளாஸ்டிக் வால்வின் உள்திருகில் ஜி.ஐ. நிப்பிளை (திருகு வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டு) போட்டு ரெஞ்சால் முறுக்காதீர்கள். இரும்பு ஆப்பு மாதிரி விரித்து, ஒரு வாரம் கழித்து நள்ளிரவில் விரிசல் விடும். டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கி, அப்புறம் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை.

வால்வின் எடை பைப்பில் தொங்கக் கூடாது, இரண்டு பக்கமும் கிளாம்ப் வேண்டும். வெயிலில் இருந்தால் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் ஒரு கை அடித்துவிடுங்கள், ஆயில் பெயின்ட் வேண்டாம். எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் உப்புப் படிந்து உருண்டை இறுகிவிடும், அதனால் மாதம் ஒரு முறையாவது திறந்து மூட வேண்டும். இறுகின கைப்பிடியில் பைப் ரெஞ்ச் போட்டால் தண்டு முறிந்து கையோடு வரும். கிரீஸ் வைப்பதானால் சிலிக்கான் கிரீஸ். வண்டிக்குப் போடும் கிரீஸ் ஈ.பி.டி.எம். வளையத்தை ஊத வைத்துவிடும்.

லைனைச் சோதிக்கக் கம்ப்ரசர் காற்றை ஏற்றாதீர்கள். பிளாஸ்டிக் பைப் காற்றில் உடைந்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும். மேல்முனையைத் திறந்து வைத்துத் தண்ணீர் நிரப்புங்கள், காற்றெல்லாம் போன பிறகு மெல்லப் பிரஷர் ஏற்றுங்கள். அந்தப் பட்டறையில் தீபாவளிக்குப் பிறகு புதுசாகப் போட்ட ஹைப்போ வால்வை அப்படித்தான் சோதித்தோம். தம்பி அம்புக்குறியை இரண்டு தரம் பார்த்துவிட்டு, கைப்பிடியில் மார்க்கர் பேனாவால் "ஓட்டை டேங்க் பக்கம்" என்று எழுதி, தேதியும் போட்டான். ஸ்பேர் வைட்டான் வளையம் இரண்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்த டேங்கின் தூணிலேயே கட்டித் தொங்கவிட்டோம்.